சித்தப்பா அடைத்த வாசல்

போன வாரம் என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒரு படம் வரைந்து எடுத்து வந்தாள். நம் ஊர்ப் பழைய அந்தோணியார் கோயிலின் மணிக்கோபுரம். நன்றாகவே வரைந்திருந்தாள். உச்சியில் முளைத்திருக்கும் அரசங்கன்றைக்கூட விடவில்லை. கோபுரத்தின் அடியில், வடக்குப் பக்கமாக, ஒரு குட்டி வாசல். அதிலிருந்து இரண்டு பிள்ளைகள் கையில் பூவோடு வெளியே வருகிறார்கள். படத்துக்குக் கீழே, “குழந்தைகளுக்கென்றே நம் முன்னோர்கள் கட்டிய அழகிய சிறு வாசல்” என்று எழுதியிருந்தாள். டீச்சர் அதற்கு ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தார்.

“இப்ப அந்த வாசல்ல கோணல்மாணலா ஒரு சுவர் இருக்குல்லப்பா, அத இடிக்கப் போறாங்களாம். கோபுரத்தப் புதுப்பிக்கிற கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்களாம். அப்புறம் நாங்கள்லாம் அதுக்குள்ள போயிட்டு வரலாமாம்” என்றாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சோற்றை அப்படியே வைத்தேன். கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்விட்டேன். படம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் முகம் சுண்டிப்போயிற்று. அவள் மேலோ படத்தின் மேலோ எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோபம் அந்த ஒரு வரியின் மேல். அந்த வரி எங்கே பிறந்தது என்று நம் ஊரில் எனக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன். என் பிள்ளைகளும் அவர்களோடு படிக்கிற பிள்ளைகளும் இதைப் படிக்க வேண்டும். அந்தக் கோணல் சுவரை எழுப்பியது என் சித்தப்பா. அது எழும்பும்போது நான் பக்கத்தில் நின்று அழுதேன்.

முதலில் கோபுரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் வந்தால், ஊர் வருவதற்கு வெகு முன்னாலேயே வயலுக்கு மேலே அது தெரிந்துவிடும். நம் நிறுத்தத்துக்குப் பெயரே கோபுரம் ஸ்டாப்பிங்தான். என் சித்தப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். “கோபுரம் எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, தூங்குறவங்கள எழுப்புங்க” என்று அவர் குரல் கொடுக்கும்போது, ஏதோ தன் வீட்டுக்கு விருந்தாளிகளை அழைப்பது போல இருக்கும்.

கோயில் நான் பிறப்பதற்கு முன்பே ஒரு புயலில் விழுந்துவிட்டது. கூரை போய், சுவர்கள் போய், கோபுரம் மட்டும் நின்றது. மெல்லிய பழங்காலச் செங்கல். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பு. சில இடங்களில் பூச்சு இன்றைக்கும் முட்டை ஓடு போல வழவழவென்று இருக்கிறது. கன்னத்தை வைத்துப் பாருங்கள், சித்திரை வெயிலிலும் குளிர்ந்திருக்கும். கீழே, கோயிலைக் கட்டிய வெள்ளைக்காரச் சாமியாரின் ஊரிலிருந்து வந்த கூர்மையான வளைவு, அதன் ஓரம் பூராவும் நம் ஊர்க் கொத்தனார் வைத்த தாமரை இதழ். நான்கு மூலைகளிலும் நான்கு சம்மனசுகள், இறக்கை வைத்த தேவதூதர்கள். அதில் ஒருவருக்குத் தலை இல்லை. தலையில்லாத சம்மனசின் கழுத்தில் பச்சைக்கிளி குஞ்சு பொரித்தது. மாலை வெயிலில், தாளடிப் பயிருக்கு நடுவில் கோபுரம் செம்பு போல நிற்கும்போது பார்த்தவர்கள் யாரும் அதை இடிந்த கோபுரம் என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அது என்றைக்கும் பெருமைதான். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கோபுரம் வேண்டாம் என்று நான் சொல்வதாக நாளைக்கு யாராவது உங்களிடம் சொல்லக்கூடும்.

முன்பக்கம் பெரிய வாசல். தேரையே உள்ளே ஓட்டலாம் என்பார்கள். வடக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வாசல். அதற்கும் வளைவு உண்டு, இரண்டு படிக்கல் உண்டு, வளைவின் நெற்றியில் ஒரு சின்னச் சிலுவை உண்டு. என்னைப் போன்ற பிள்ளைகள் நிமிர்ந்து போகலாம். பெரியவர்கள் என்றால் இடுப்பை மடித்து, முழங்காலில் கையை ஊன்றித்தான் போக வேண்டும்.

எனக்கு ஏழு எட்டு வயதிருக்கும்போது அம்மாவிடம் கேட்டேன்: “அந்த வாசல் மட்டும் ஏம்மா சின்னதா இருக்கு?” அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. “ஒன்ன மாதிரி சின்னப் புள்ளைங்க போறதுக்குத்தான்” என்றாள். எங்கள் கீழத்தெருவில் எல்லா அம்மாக்களும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்தப் பதிலைத்தான் சொல்லியிருந்தார்கள். நாங்கள் நம்பினோம். உலகத்தில் எல்லாக் கதவும் பெரியவர்களின் உயரத்துக்கு இருக்கிறது, எல்லாத் தாழ்ப்பாளும் எட்டாத இடத்தில் இருக்கிறது, ஒரே ஒரு வாசலை மட்டும் யாரோ ஒரு நல்லவர் எங்களுக்காக வைத்திருக்கிறார் என்பது எவ்வளவு பெரிய சந்தோஷம்! யார் தலை வளைவில் இடிக்கிறதோ அவன் வளர்ந்துவிட்டான், இனி அவன் விளையாட்டுக்கு ஆகமாட்டான் என்பது எங்கள் சட்டம். என் தலைக்கும் வளைவுக்கும் நடுவில் இன்னும் இரண்டு விரற்கடை இருந்தது. அதை நான் அடிக்கடி வைத்துப் பார்த்துக்கொள்வேன்.

மேலத்தெருப் பிள்ளைகள் அந்த வாசல் பக்கம் விளையாட வரமாட்டார்கள். வழி தெரியாமல் வந்துவிட்டாலும் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள். நல்ல வாசலை விட்டுவிட்டுப் போகிறார்களே, பாவம் என்று நினைப்பேன்.

ஒரு மாசி மாதம், அறுவடை முடிந்து வயலில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தபோது, தஞ்சாவூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கட்டடக் கலை சொல்லிக்கொடுப்பவர். கூடவே மாணவர்கள், நாடா, காமிரா, பெரிய பெரிய தாள்கள். அவர்களை அழைத்து வந்தவர் திருவிழாக் கமிட்டித் தலைவர். மேலத்தெருக்காரர், எங்கள் அப்பா வேலை செய்த வயலுக்குச் சொந்தக்காரர், நல்ல உயரம், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் பின்னாலேயே போனோம். நாடாவின் மறு நுனியைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. அதனால் எனக்கு ஒரு மிதப்பு இருந்தது.

பேராசிரியர் நல்ல மனிதர். தாமரை இதழைத் தடவிப் பார்த்தார், சுண்ணாம்பை நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். இப்படி ஒரு வேலையை இந்தப் பக்கத்தில் தான் பார்த்ததில்லை என்றார். பிறகு வடக்கே சுற்றி வந்து சின்ன வாசல் முன்னால் நின்றுவிட்டார்.

“இது ஏங்க இவ்ளோ சின்னதா இருக்கு?” என்று தலைவரைக் கேட்டார்.

தலைவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “அது வந்து, காத்தோட்டத்துக்கு வச்சிருப்பாங்க.”

“காத்துக்குன்னா ஜன்னல் போதுமே. இதுல படி வச்சிருக்காங்க, சிலுவை வச்சிருக்காங்க. யாரோ தெனம் வந்து போனா மாதிரி படிக்கல்லு தேஞ்சிருக்கு பாருங்க.”

தலைவர் மறுபடியும் முகத்தைத் துடைத்தார். எங்கள் தெருக்காரர்கள் நாலைந்து பேர் வைக்கோல் கட்டோடு அங்கே நின்றார்கள். என் அப்பாவும் நின்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதர்களுக்கு இது தெரியவில்லையே என்று எனக்கு ஆச்சரியம். நாடாவைப் பிடித்தபடியே, “சார், அது சின்னப் புள்ளைங்க போறதுக்கு சார்” என்றேன்.

பேராசிரியர் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “யாரு சொன்னா ஒனக்கு?”

“எல்லாருக்கும் தெரியும் சார்” என்று சொல்லிவிட்டு, நாடாவைக் கீழே போட்டேன். வாசலில் நிமிர்ந்து நடந்து உள்ளே போய், நிமிர்ந்து நடந்து வெளியே வந்தேன். மாணவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் என்னை மறுபடி போகச் சொல்லிப் படம் எடுத்தார்.

“பாத்தீங்களா, அந்தக் காலத்துலயே கொழந்தைங்க ஒயரத்துக்கு யோசிச்சிருக்காங்க. எவ்ளோ பெரிய மனசு” என்றார் பேராசிரியர். 

தலைவர் என்னைப் பார்த்தார். அதுவரை அவர் என்னைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. கிட்டே வந்து என் தலையில் கை வைத்தார். “கெட்டிக்காரப் பய. எங்க கீழத்தெருப் புள்ளைதான். கரெக்டா சொல்லிட்டான் பாருங்க” என்றார். திரும்பிப் பார்த்தேன், அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார் என்று. அப்பா வைக்கோல் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். அன்றைக்குத் தலைக்குக் குளிக்கச் சொன்ன அம்மாவிடம், தலைவர் கை வைத்த தலை என்று சொல்லி மாட்டேன் என்று அடம் பிடித்தேன். அம்மா முதுகில் ஒன்று வைத்து, வழக்கத்தைவிட அதிகமாகவே சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். கண்ணெல்லாம் எரிந்தது.

வைகாசிக் கடைசியில் அந்தோணியார் திருவிழா வந்தது. மேட்டூர் அணை திறக்கப் போகிறார்கள் என்ற பேச்சு இருந்ததே தவிர, நம் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் இல்லை. கொடியேற்றத்துக்கு முன்னால் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. கோபுரத்தின் சிறப்புகள் என்று தலைப்பு. அதில் சுண்ணாம்பு இருந்தது, தாமரை இதழ் இருந்தது, கடைசியில், “குழந்தைகளுக்கென்றே நம் முன்னோர்கள் கட்டிய அழகிய சிறு வாசல்” என்றும் இருந்தது. நான் சொன்னது போர்டில் ஏறிவிட்டது! பள்ளிக்கூடத்துப் பையன்களை ஒவ்வொருவராக இழுத்து வந்து காட்டினேன்.

சித்தப்பாவுக்குத் திருவிழா நாட்களில் லீவு கிடைக்காது. கடைசி நாள் காலையில்தான் வந்தார். டியூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு அப்படியே இறங்கியவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். படித்தார். மறுபடியும் படித்தார். டிக்கெட் கிழிக்கிற விரலால் அந்த வரியைத் தொட்டார்.

“இத யாருடா சொன்னது?”

“நாந்தான் சித்தப்பா.”

அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. “ஒனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார். அம்மா சொன்னாள் என்றேன். அம்மா கொஞ்சம் தள்ளி, புதுக் கோயிலில் பூசை முடிந்து வந்த பெண்களோடு நின்றாள். சித்தப்பா திரும்பி அவளைப் பார்த்தார். “விடுங்க தம்பி, நல்ல நாளும் அதுவுமா” என்றாள் அம்மா. குரல் தணிந்திருந்தது.

சித்தப்பா நேராகத் தலைவரிடம் போனார். தலைவர் பந்தலில் அன்னதானத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“போர்டுல கடைசி வரி தப்பா இருக்குங்க. மாத்தி எழுதுங்க.”

“என்னப்பா எழுதச் சொல்ற?”

“நெஜத்த எழுதுங்க.”

“எதுக்குப்பா இப்ப அதெல்லாம். பழைய கதை.”

“கோபுரம் பழசானா போர்டு வைக்கிறீங்க. கத பழசானா மூடி வைக்கிறீங்க” என்றார் சித்தப்பா.

தலைவர் சிரித்தார். “ஒங்க வூட்டுப் பயதான்ய்யா சொன்னான். அவனக் கேளு.” பந்தலில் இருந்த இரண்டு மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதால்.

சித்தப்பா தன் வீட்டுக்கு நடந்தார். அவர் அப்போது புதிதாக ஓட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வாசலில் செங்கல் அடுக்கியிருந்தது. கொத்தனார் வைத்துவிட்டுப் போன கரண்டியும் சட்டியும் இருந்தன. சைக்கிள் கேரியரில் செங்கல்லை அடுக்கிக் கயிறு கட்டித் தள்ளிக்கொண்டு வந்தார். கோபுரத்து அடியிலேயே சாந்து குழைத்தார். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஊர் முழுக்கப் பார்த்திருக்க, பட்டப்பகலில், சின்ன வாசலின் படிக்கல்மேல் முதல் செங்கல்லை வைத்தார்.

அவருக்குக் கொத்து வேலை தெரியாது. பஸ்ஸில் ஆளை ஏற்றுவது போலத்தான் செங்கல்லையும் ஏற்றினார். இடமில்லாத இடத்தில் ஒன்றை இடித்துத் தள்ளி, பக்கத்தில் இருந்ததை நெருக்கி, மேலே ஒன்றைச் சாய்த்து. மூன்றாவது வரிசையிலேயே சுவர் வயிறு தள்ளிவிட்டது. “என்ன கண்டக்டரே, செவுரு டாப்புல ஏறி நிக்குது” என்று கூட்டத்தில் யாரோ கேலி செய்தார்கள். என் அப்பா எங்கிருந்தோ வந்தார்.  அப்பா குடத்தில் தண்ணீர் கொண்டு வந்து சாந்தில் ஊற்றிவிட்டு, செங்கல் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். எங்கள் வாசல்! எனக்கு இன்னும் இரண்டு விரற்கடை பாக்கி இருக்கிறது! “வேணாம் சித்தப்பா, வேணாம் சித்தப்பா” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். போர்டில் என் பேச்சு ஏறியது பொறுக்காமல் செய்கிறார் என்றுகூட நினைத்தேன்.

தலைவர் வேகமாக வந்தார். “என்னய்யா அக்கிரமம் இது? எத்தன வருசத்துக் கட்டடம். வெளியூர்க்காரன் வந்து படம் புடிச்சிட்டுப் போறான், நீ செங்கல்ல வச்சு அடைக்கிற. இந்தக் கோபுரத்தோட அருமை தெரியுமா ஒனக்கு?”

சித்தப்பா கரண்டியோடு நிமிர்ந்தார். காக்கிச் சட்டை பூராவும் சாந்து.

“தெரியுங்க. இதுக்குச் சுண்ணாம்பு அரைச்சதே எங்க ஆளுங்கதான். ஒண்ணு செய்யுங்க. ஒரே ஒரு தடவ இதுல குனிஞ்சு உள்ள போயிட்டு வாங்க. இன்னும் பாதி தொறந்துதான் இருக்கு, வச்ச செங்கல்ல நானே எடுத்துடுறேன். நீங்க போயிட்டு வந்துட்டீங்கன்னா கரண்டியக் கீழ வச்சிட்டு வூட்டுக்குப் போயிடுறேன். போர்டும் அப்படியே இருக்கட்டும்.”

தலைவர் வாசலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். அசையவில்லை.

“அவருக்கு முட்டி வலிப்பா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“சரி, முட்டி வலி இல்லாதவங்க யாராச்சும் வாங்க. மேலத்தெருவுலேர்ந்து யாரு வேணா வரலாம். ஏறுங்க ஏறுங்க, உள்ள எடம் இருக்கு” என்றார் சித்தப்பா, பஸ்ஸில் கூப்பிடுகிற அதே குரலில். எங்கள் தெருப் பக்கம் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். மேலத்தெருப் பக்கம் வெற்றிலை மெல்லுகிற வாய்கள்கூட நின்றுவிட்டன. ஒருவரும் வரவில்லை.

எனக்கு அது புரியவே இல்லை. வாசலைக் காப்பாற்ற இவ்வளவு சுலபமான வழி இருக்கிறது, யாரும் போகமாட்டேன் என்கிறார்களே! எப்படிப் போவது என்று தெரியவில்லையோ என்னவோ என்று நினைத்து, அரைகுறைச் சுவரைத் தாண்டிக் குதித்து உள்ளே ஓடினேன். உள்ளே நின்று சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். சித்தப்பா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு சாந்துக் கையோடு என் இரண்டு அக்குளையும் பிடித்துத் தூக்கி, சுவருக்கு மேலாக வெளியே எடுத்து அப்பா கையில் கொடுத்தார்.

“இனிமே நம்ம வூட்டுப் புள்ள எதுவும் இதுல நொழைய வேணாம்” என்றார். அடுத்த செங்கல்லை வைக்கத் திரும்பிவிட்டார்.

அன்றைக்கு நான் சோறு தின்னவில்லை. சித்தப்பாவோடு பேசவில்லை. மறுநாள் மட்டுமில்லை, வெகு நாள் பேசவில்லை. அவர் பஸ் வந்தால் ஏறாமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பேன். “ஏறுடா, கோபக்காரா” என்பார் படியில் தொங்கிக்கொண்டே. நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். ஒரு நாளாவது ஏன் அடைத்தேன் என்று அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்குத்தான் காரணம் தெரியுமே, பொறாமை!

சுவரை யாரும் இடிக்கவில்லை. போலீசுக்குப் போவோம் என்று தலைவர் சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். இடித்தால் ஏன் அடைத்தான் என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு கண்டக்டர் கட்டிய கோணல் சுவர், கொத்தனார்கள் கட்டிய கோயிலே விழுந்த ஊரில், இத்தனை மழைக்கும் விழாமல் நிற்கிறது. போர்டு துருப்பிடித்துப் போயிற்று. அந்த வரி மட்டும் போகவில்லை. திருவிழா நோட்டீசில் வந்தது, பிறகு எதெதிலோ வந்தது, இப்போது என் மகள் படத்துக்குக் கீழே வந்து நட்சத்திரமும் வாங்கிவிட்டது.

சித்தப்பா இறந்தபோது நான் கல்யாணமானவன். புதுக் கோயிலில் பூசை. அங்கே எல்லோருக்கும் ஒரே வாசல்தான். பெட்டியை நாங்கள் ஆறு பேர் தோளில் வைத்துக்கொண்டு, அந்த வாசலில் நிமிர்ந்து நுழைந்தோம். பெட்டியைப் பீடத்தின் முன்னால் இறக்கியதும், அதுவரை அழாத அப்பா உடைந்துவிட்டார். “எங்கப்பனுக்கு இது கெடைக்கலடா” என்றார். பிறகு கல்லறையிலிருந்து திரும்பி வருகிற வழியில், அரைகுறையாகச் சொன்னார்.

உங்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் நம் தெருக்காரர்கள் பெரிய வாசலில் நுழையக் கூடாது. அது மேலத்தெருவுக்கு. நமக்கு வடக்கு வாசல். உள்ளே இடுப்பளவுக்கு ஒரு தடுப்புச் சுவர், அதற்கு இந்தப் பக்கம் தரையில் நாம். தனி வாசல் வைத்தது போதாதென்று அதைத் தாழ்வாகவும் வைத்தார்கள். சாமி முன்னால் வருவதற்கு முன்னாலேயே நாம் குனிந்துவிட வேண்டும் என்று. அந்த வாசலுக்கும் செங்கல் சுமந்தது, சுண்ணாம்பு அரைத்தது எல்லாம் நம்மவர்கள். குனியப் போகிறவன் கையாலேயே குனிகிற வாசலைக் கட்டவைத்தார்கள்.

என் தாத்தா ஊரிலேயே உயரமானவர். வெள்ளை வேட்டி கட்டி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாசலில் இரண்டாக மடிந்தார். அவர் செத்தபோது பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அதில் நுழைய முடியவில்லை. தரையில் இறக்கி, ஒருவர் முட்டி போட்டு முன்னால் இழுக்க, இன்னொருவர் பின்னால் தள்ள, படிக்கல்லில் தட்டித் தட்டித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். பெரிய வாசல் பத்தடி தள்ளி ஆவென்று திறந்து கிடந்தது. சித்தப்பாவுக்கு அப்போது, அவர் சுவர் எழுப்பிய அன்று எனக்கிருந்த வயதுதான். “மெதுவா இழுங்க, அப்பாவுக்கு வலிக்கும்” என்று சொல்லிக்கொண்டே பெட்டியோடு தவழ்ந்து போனாராம்.

மேலத்தெருப் பெரியவர்கள் அன்றைக்கும் அங்கே நின்றிருந்தார்கள். தலைவருக்கு அப்போது மீசை முளைக்கிற வயது. அவரும் நின்றிருந்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்தப் பேராசிரியருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. தலைவருக்குத் தெரியும். தெரிந்தேதான் என் தலையில் கை வைத்துக் கெட்டிக்காரப் பய என்றார். நம் அம்மாக்கள் சொன்ன பொய் வேறு. தன் பிள்ளை தன்னைக் குனிந்தவன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்து வளர வேண்டாம் என்று சொன்ன பொய் அது. நம் வீட்டுக்குள் நம் பிள்ளைகளுக்குப் போர்த்திய போர்வை. அதை எடுத்துத் தங்கள் அசிங்கத்துக்கு மேல் போர்த்திக்கொண்டார்களே, அதற்குப் பெயர் என்ன?

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். நான் போகப் போகிறேன். மேடையில் பேசிப் பழக்கமில்லை, பத்தாவதோடு நின்றவன், ஆனாலும் போவேன். கோபுரத்தைப் புதுப்பியுங்கள், முதல் ஆளாக நானும் சட்டி சுமக்கிறேன். சம்மனசுக்குத் தலை வையுங்கள். அரசங்கன்றைப் பிடுங்குங்கள். ஆனால் அந்தச் சுவரில் கை வைக்காதீர்கள். தாமரை இதழ் கோபுரத்தின் சரித்திரம் என்றால், சித்தப்பாவின் வயிறு தள்ளிய சுவரும் கோபுரத்தின் சரித்திரம்தான். அப்படி இடித்தே தீருவோம் என்றால், முதலில் அந்த வாசல் யாருக்காக, எதற்காக அவ்வளவு தாழ்வாகக் கட்டப்பட்டது என்று கல்லில் வெட்டி வையுங்கள். கல் வந்த பிறகு சுவரை நானே இடித்துத் தருகிறேன். இதைத்தான் சொல்லப் போகிறேன்.

பிள்ளைகளே, உங்கள் படம் அழகாக இருக்கிறது. அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு, உண்மையை எழுதுங்கள். நட்சத்திரம் போனால் போகட்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அந்த வார்த்தை. அன்றைக்கு அரைச் சுவருக்கு அந்தப் பக்கம், வாசலுக்குள் நான் நிமிர்ந்து நின்றேன். வெளியே ஊரே நின்றது. சித்தப்பா கரண்டியோடு நின்றார், அவருக்குப் பின்னால் அப்பா செங்கல்லோடு நின்றார். இவ்வளவு சுலபமான விஷயத்துக்கு ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்புகூட வந்தது. இரண்டு கையையும் நீட்டி, அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்:

“பயப்படாம வாங்க சித்தப்பா. கொஞ்சம் குனிஞ்சா போதும், வந்துடலாம்.”